சலவைக் குறி

சேராங்கொட்டை மை.
உப்புத்தண்ணீர் தின்னாது, சவுக்காரம் தின்னாது.
துணி போனாலும் குறி போகாது என்று
கப்பல்காரர்களிடம் பெருமை பேசியவன் நான்.

ஜனவரி. மழை விடாத செவ்வாய்க்கிழமை.
டோபி காட்டில் கொடியெல்லாம் வெறும் கயிறு;
விமானத்துக்குப் பயந்து
வெள்ளையை யாரும் வெளியே உலர்த்துவதில்லை.
துறைமுகப் போலீஸ் கிளார்க் ஸ்தனிஸ்லாஸ்
பழைய பேப்பரில் சுற்றி
ஒரு காலரைக் கொண்டுவந்தார்.
பிடோக் கரையில் ஒதுங்கியதாம்.
"ஆளைப் பார்க்கிற மாதிரி இல்லை. இதைப் படி."

மூன்று புள்ளி, குறுக்கே ஒரு கோடு.
படித்தேன்.
'மார்வென்' கப்பல், மூன்றாம் இஞ்சினியர் கால்டர்.
கஞ்சி அதிகம் கேட்பார்.

எழுதத் தொடங்கினார்.
அனம்பாஸ் தீவுக்கு அப்பால், ஹஜ்ஜுப் பெருநாள் இரவு,
தண்ணீருக்கடியிலிருந்து வந்த ஒன்று
ரப்பரும் தகரமும் ஏற்றிய கப்பலை
நாலே நிமிஷத்தில்,
என்று சொல்லிக்கொண்டே பேனாவை உதறினார்.

நான் காலரைத் திருப்பினேன்.
பின்கழுத்தில் தையல், கறுப்பு நூல்.
வெள்ளைச் சட்டைக்கு எவன் கறுப்பு நூல் போடுவான்?

காலர் பிய்ந்ததென்று கால்டர் விட்டெறிந்த சட்டை.
அதைக் கேட்டு வாங்கியவன் செய்யிது மீரான்,
அதே கப்பலில் கரி தள்ளுகிறவன்,
அதிராம்பட்டினத்தான்.
பதிலுக்கு அரைக்கட்டு பீடி வைத்துவிட்டு
"பெருநாளைக்குப் போட்டுக்கிறேன்" என்றான்.

போட்டுக்கொண்டிருக்கிறான்.

"ஐயா, இது கால்டர் இல்லை."
"குறி அவருடையதுதானே?"
"குறி அவருடையது. கழுத்து வேறு."

பட்டியலைப் புரட்டினார்.
அதிகாரிகள் ஒன்பது பேர், ஊரோடு, வயதோடு.
கீழே ஒற்றை வரி:
லஸ்கர்கள், நாற்பத்து மூன்று.
அந்த எண்ணின் மேல் பேனா நின்றது.
"எப்படி எழுதணும்? மீரானா? மீராவா?"

எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம்
புள்ளியும் கோடும்தான்.
கொட்டையை ஊசியால் குத்தி
பழைய குறிக்குப் பக்கத்தில்
இதுவரை யாருக்கும் போடாத ஒன்றைப் போட்டேன்.
அவர் தடுக்கவில்லை. தாளில் எதை எழுதினாரோ,
மை ஊறுகிற வரைக்கும் காத்திருந்து
பேப்பரில் மடித்துப் போனார்.

இரவோடிரவாகக் கப்பல் எடுத்ததில்
வாங்காமல் போன சட்டை ஆறு
அலமாரியில் இருக்கிறது, கஞ்சி விறைப்போடு.
கால்டர்
எதைப் போட்டுக்கொண்டு ஒதுங்கினாரோ, எந்தக் கரையில்,
யாரிடம் படிக்கக் கொடுத்தார்களோ.