தட்டின் ஓரம்

காற்று நொடிக்குப் பதினாறு மீட்டர்.
பதினெட்டைத் தொட்டால் கூரையை மூடிவிட வேண்டும்.
நோல்வியாவுக்கு ஒரு கண் காற்றுமானியில்,
இன்னொரு கண் அதன்மேல்.

அது ஒரு புள்ளி.
சுற்றிலும் விண்மீன்கள் கோடு கோடாய் இழுபட
அது மட்டும் அசையாமல் நிற்கிறது,
தொலைநோக்கி அதன் கூடவே போவதால்.

மூன்று இரவு அளந்து பாதை வரைந்தார்கள்.
வளைந்தது. மூடிக்கொள்ளவில்லை.
சூரியன் கூப்பிட்டதற்கு
லேசாகத் திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான்.
நம்முடையது இல்லை.

இன்று நிறமாலை.
தண்ணீர் கொஞ்சம். கார்பன் மோனாக்சைடு
நம் வால்வெள்ளிகளில் பார்த்துப் பழகிய அளவா அது?
ஹைடல்பெர்க்கிலிருந்து வந்த ஆன்ட்யே
நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.
"குளிரில் உருண்டு திரண்டிருக்கிறது இது.
தூசும் வாயுவும் சுழன்ற ஏதோ ஒரு தட்டின் ஓரத்தில்,
அந்த வாயுவே உறைந்து கல்லாகும் தொலைவில்."

நோல்வியாவுக்கு எலியோதோரோ நினைவு வந்தது.
நிலநடுக்கத்துக்குப் பிறகு கொக்கிம்போவில்
ஐந்து மாதம் லாரி ஓட்டினான்.
கொட்டும்போதே சொல்லிவிடுவான்:
இது வைக்கோல் மிதித்த மண்சுவர்,
இது அடுப்படி, கரி ஒரு பக்கம்தான் ஏறியிருக்கிறது,
இந்த நீல ஓடு கடைசியில் பதித்தது, கையில் காசு வந்த பிறகு.
அந்த வீடுகள் எதையும்
அவன் நின்று பார்த்ததில்லை.

சொன்னாள்.
ஆன்ட்யே சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள்.
"ஆனால் இது இடிந்த வீடு இல்லை, நோல்வியா.
கட்டும்போதே வெளியே எறிந்தது.
பெரிய கோள் ஒன்று பருக்கும்போது
அக்கம்பக்கத்தை விழுங்கும்,
விழுங்க முடியாததை வீசும்.
நம் வியாழனும் ஒன்றும் சாது இல்லை."

அப்படியென்றால்
நாம் எறிந்ததும் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும்.
யாராவது அளந்து,
சூடான மூலை, குளிர்ந்த மூலை என்று
நம்மைப் பற்றிக் கணக்குப் போடலாம்.
ஊர் பேர் மட்டும் தெரியாது.
அவர்களுக்கும்.

பதினெட்டு.
"நாற்பது நிமிடம் கொடு."
"முடியாது."
கூரை முனகிக்கொண்டே மூடியது.
கடைசிப் படத்தில் புள்ளி இன்னும் கூர்மையாக,
வானம் முழுக்கக் கீறல்.

ஆறிப்போன பருப்பை அப்போதுதான் திறந்தாள்.
இரண்டாவது வாயில் பல்லில் கல் கடிபட்டது.
விரலில் எடுத்து,
சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்து,
தட்டின் ஓரத்தில் வைத்தாள்.