மூன்றாம் சுருள்

ஆர்ச்சர்ட் தெருவில் எங்கள் கோட்டுக் கடையை
மூன்று நாள் வாடகைக்கு எடுத்தார்கள்,
படம் பிடிக்கிறவர்கள்.
நாளுக்குப் பதினோரு டாலர்.
அப்பா இரண்டு தடவை எண்ணினார்.

கதை இதுதான்: யூதக் கடைக்காரர், ஒரே மகள்,
வேற்று மதத்துப் பையனோடு போய்விடுகிறாள்.
எங்களை விசாரித்து எழுதியதில்லை.
அந்தத் தெருவில் எந்தக் கதவைத் தட்டினாலும் அதே கதை.
எங்கள் வீட்டில் அதன் பெயர் ஷிஃப்ரா.
அவள் போன அன்று அப்பா எதையும் கிழிக்கவில்லை,
எட்டு மணிக்குக் கடையைத் திறந்தார்.

படத்தில் கிழிக்க வேண்டும்.
செத்தவருக்குச் செய்வதை
உயிரோடிருக்கும் மகளுக்கு.
நடிகர் இடது மார்பில் ஏழு முறை கிழித்தார்.
மூலையிலிருந்து அப்பா சொன்னாராம்:
"இடது பெற்றோருக்கு. பிள்ளைக்கு வலது."
டைரக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.
"முகம் வேண்டாம். கை மட்டும்."

ஆறு மாதம் கழித்து டிலான்ஸி முனைக் கொட்டகை.
அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது.
அட்டை வரும்போதெல்லாம்
இருட்டில் அவள் காதில் நான் இத்திஷில் சொல்வேன்.
என்னைப்போல் நாற்பது பிள்ளைகள், நாற்பது தாய்மார்கள்.
ஊமைப் படத்துக்குத்தான் அவ்வளவு சத்தம்.

மூன்றாம் சுருளில் அந்தக் கை வந்தது.
கட்டைவிரலில் கத்தரித் தழும்பு,
மணிக்கட்டில் இஸ்திரி சுட்ட கறுப்பு.
வீட்டுச் சுவர் உயரத்துக்கு அப்பாவின் கை.
துணி கிழிந்தது.
பியானோக்காரனும் விரலை எடுத்துவிட்டான்.
அட்டை:
"இன்றோடு என் மகள் செத்துவிட்டாள்."

எனக்கு அப்போது பத்து வயது.
வாய் வரவில்லை.
"கதவைச் சாத்து, குளிர் வருது"
என்று சொல்லிவைத்தேன்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை.
"ஆமாம்," என்றாள்.
"கிழிக்கும்போது அதைத்தான் சொன்னார்.
ஷிஃப்ரா, கதவைச் சாத்தும்மா, குளிர் வருது.
அவ்வளவு மெதுவாய்ச் சொன்னதை
இவர்கள் எப்படிக் கேட்டார்கள்?"

படம் பிடித்த அன்று
நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

கடைசிச் சுருளில் மகள் திரும்பி வருவாள்,
காகிதப் பனி உதிர உதிர.
ஆறு இரவு போனோம். அம்மா ஒருநாளும்
அதுவரை உட்காரவில்லை.

கிழிந்த கோட்டு கடைச்சரக்கு.
அப்பா இழை தெரியாமல் தைத்து
அரை டாலர் குறைத்து விற்றார்.
வாங்கியவன் போட்டுப் பார்த்து,
வலது பக்கம் தடவி,
நல்ல கதகதப்பு என்றானாம்.