ஆணி அடிக்கக் கூடாது

சத்துவாச்சாரி, மூன்றாம் தெரு, மாடி போர்ஷன்.
பதினோரு மாத ஒப்பந்தம், ஒன்பதாவது விதி:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
கையெழுத்துப் போட்டபோது என் கைப்பையில்
அரைக் கிலோ சுத்தியல்,
அன்று காலை வாங்கியது,
பில்லோடு இருந்தது.

ஏழாம் தேதி ராணிப்பேட்டையில் சம்பளம்.
எட்டாம் தேதி லாங்கு பஜார்.
நடுவில் ஓர் இரவு, தூக்கம் வராது.

முதல் மாதம் கலீல் பாய் கேட்டார்:
"சார் சைஸ் எழுதிக் குடுத்தாராம்மா?"
இப்போது கேட்பதில்லை.
பெட்டியைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டு
வேறு பக்கம் போய்விடுகிறார்,
பெண் பார்க்க வந்த இடத்தில்
ரெண்டு பேரையும் தனியே பேச விடுவது மாதிரி.

பதினேழு–பத்தொன்பது ஸ்பேனர்.
எண்ணெய்த் தாளைப் பிரித்ததும் ஒரு வாசனை வரும்,
மல்லிகை பக்கத்தில் நிற்கட்டும் பார்க்கலாம்.
சித்திரை வெயிலில்
இந்த ஊரில் குளிர்ந்து கிடப்பது
அது ஒன்றுதான்.
அரத்தில் விரலை இப்படி ஓட்டினால் பட்டு.
அப்படி ஓட்டினால் பூனை நாக்கு.

ரசமட்டம் வாங்கிய இரவு
கட்டில், ஃபிரிட்ஜ், ஜன்னல் விளிம்பு
எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தேன்.
எதுவும் நேராக இல்லை.
கடைசியில் தனசீலன் வயிற்றில் வைத்தேன்.
ஒவ்வொரு குறட்டைக்கும் குமிழ்
ஏறி இறங்கி ஏறி.

அவருக்குக் கோபமெல்லாம் வராது.
சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார்:
"வெளியே தண்ணியில்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை.
உள்ளே வேலையில்லாத டிரில்."

உண்மைதான்.
அம்மா சீராகக் கொடுத்த அண்டாவில் ஆங்கிள் கிரைண்டர்.
கூறைப்புடவைக்கு அடியில் ஏலன் கீ செட்.
அரிசி டிரம்முக்குப் பின்னால் பைப் ரிஞ்சு,
பதினாலு இன்ச், இரண்டாம் கை,
மூடிய ஷெட் ஒன்றின் ஏலத்தில்
நான் மட்டுமே கை தூக்கியது.
தீபாவளி போனஸில் வந்த டிரில் மெஷினைத்
தலையணைப் பக்கம் வைத்திருந்தேன்.
ராத்திரி ஒரே ஒரு முறை அழுத்துவேன்.
கீழ்வீட்டு நாய் குரைக்கும்.
காற்றில் எத்தனை துளை போட்டிருப்பேன்,
எண்ணவில்லை.

பங்குனியில் வஜ்ஜிரவேலு படியேறி வந்தார்.
இரண்டாயிரம் கூட்ட வேண்டுமாம்.
முடியாது என்றால் வேறு ஆள் வருமாம்.
முடியவில்லை.

அடுத்த ஞாயிறு மேலிருந்து பார்க்கிறேன்:
கேட் தூணருகே ஒரு தகரப் பலகை.
அவர் வாயில் ஒரு ஸ்க்ரூ.
கையில் கருங்கல்.
கல்லால் அடிக்கிறார்,
ஸ்க்ரூவை.

வீடு போவதைத் தாங்கிக்கொண்டேன்.
இதைத் தாங்க முடியவில்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஆறு எம்எம் பிட்,
காதில் பென்சில்.
"தள்ளுங்க சார்."
முதலில் சிமெண்ட், சாம்பல் நிறத்தில் வந்தது.
அப்புறம் கை லேசாக உள்ளே விழுந்தது,
செங்கல்.
சிவப்புத் தூள் முழங்கை வரை,
மூக்குத்தி வரை.
என் முதல் துளை. பக்கத்தில் இரண்டாவது.
பிளக் தட்டி, ஸ்க்ரூ முறுக்கி,
ரசமட்டம் வைத்தேன்.
குமிழ் நடுவில் வந்து நின்றது.

வீடு வாடகைக்கு.
எங்கள் வீடுதான்.
நேராக இருந்தது.

வஜ்ஜிரவேலு பலகையைப் பார்க்கவில்லை.
மாடியைப் பார்த்தார்.
"தனசீலன் இல்லையாம்மா?"

துணிமணி நான்கு மூட்டை.
இரும்பு பதினோரு பெட்டி.
லோடு தூக்க வந்த பையன் ஒன்றைத் தூக்கிவிட்டுக்
கீழே வைத்தான். "என்னக்கா, கல்லா?"
காட்பாடியில் புது வீட்டுக்காரம்மா
சாவியைக் கொடுக்கும்போதே ஆரம்பித்திருந்தார்:
இந்த ஆணி கீணி...
"இல்லைங்க" என்று சொல்லிவிட்டு
சுவரை விரலால் தட்டிப் பார்த்தேன்.
ஹாலோ பிளாக். அதற்குப் பிளக் வேறு.

வேன் பாலாற்றுப் பாலத்தில் ஏறியது.
கீழே மணல், கருவேலம், ஒரு கிரிக்கெட் ஆட்டம்.
மடியில் ரசமட்டம்.
மூன்று சொட்டுப் பச்சைத் தண்ணீர் அதற்குள்
பாலம் முழுக்க அலை அடித்தது.

அன்று ஏழாம் தேதி.