செருகுவாய்

நாற்பது தராசு அனுப்பினோம் காசிமேட்டுக்கு.
பதினேழு திரும்பி வந்தன.
அம்பத்தூர் எஸ்டேட்டில், மாடிப்படிக்குக் கீழே
என் மேஜையில் அடுக்கி வைத்ததும்
கம்பெனி முழுக்க மீன் வாடை.
குலோத்துங்கன் சார் ஊதுவத்தி கொளுத்தினார்.

எல்லாவற்றுக்கும் ஒரே சாவு.
மைக்ரோ யூஎஸ்பி வாய் பலகையிலிருந்து பிய்ந்து
தன்னோடு செம்புத் தடத்தையும்
சதையோடு நகம்போல் எடுத்துக்கொண்டு போயிருந்தது.
பூதக்கண்ணாடிக்குக் கீழே, ஒன்றின் வாயில்
ஒரு செதில்.
சங்கராவா கிழங்கானா தெரியாது,
நான் சைவம்.

தேர்ந்தெடுத்தது நான்தான்.
பத்தாயிரமாக எடுத்தால் மூன்று ரூபாய் நாற்பது காசு.
துளை வேண்டாம், பலகை மேல் அப்படியே ஒட்டிக்கொள்ளும்,
கை படாமல் வேலை முடியும் என்று
கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவள்.

அந்த வாரம் முழுக்க வாய்களாகவே பார்த்தேன்.
ரிச்சி தெருவில் நிஜாமுதீன் பாய் கடையில்
ஐந்தைந்தாக வாங்கி
இடுக்கியால் பிடித்து ஆட்டினேன்.
பிரிண்டருக்கு வரும் பழைய சதுர வாய்
யானை மிதித்தாலும் அசையாது,
ஆனால் பெட்டி மூடாது.
சி வகையில் இருபத்து நான்கு முனை:
நாம் மீன் நிறுக்கிறோம், சினிமா காட்டவில்லை.
பதினாறு முனை: அரை மில்லிமீட்டர் இடைவெளி,
கண் அசந்தால் ஈயம் பக்கத்து வீட்டோடு கைகோத்துக்கொள்ளும்.
ஆறு முனை: மின்சாரம் மட்டும். வேறு பேச்சில்லை.

“நாளைக்கு டேட்டா வேணும்னா?” என்றார் சார்.
நாளைக்கு என்று ஒன்று வந்துவிட்டால்
அவருக்குப் பத்து முனையாவது உபரி வேண்டும்.

பதில் சொல்லாமல் சனிக்கிழமை
விடியற்காலை மூன்று மணிக்கு ஸ்கூட்டியை எடுத்தேன்.
ஐஸ் உடைக்கும் சத்தம். ஏலக் குரல்.
செத்தவற்றில் மூன்று தேசம்மாவுடையவை.
நான்காவதை ஈரக் கையில் வைத்துக்கொண்டு
இருட்டில் செருகினாள். நுழையவில்லை.
திருப்பினாள். நுழையவில்லை.
“இதுக்கு எந்தப் பக்கம் மூஞ்சி?”
அதற்குள் வஞ்சிரம் இருநூறு ரூபாய் ஏறியிருந்தது.

ஒருவழியாக நுழைந்தது.
பவர் பேங்க் இடுப்பில், வயரின் மறுமுனை தராசில்.
ஏலம் பத்தடி நகர்ந்தது.
அவளும் நகர்ந்தாள்,
வயரைப் பிடித்துத் தராசைத் தூக்கிக்கொண்டு,
பள்ளிக்கூடம் போகாத பிள்ளையைக் காதைப் பிடித்து
இழுத்துப்போவது மாதிரி.

இது எந்த விவரத்தாளிலும் இல்லை.
பத்தாயிரம் முறை செருகலாம் என்றிருக்கிறது.
உப்புக் காற்றில் நாற்பத்தெட்டு மணி நேரம் என்றிருக்கிறது.
முக்கால் கிலோ தொங்குமா என்று
கேட்க யாருக்கும் தோன்றவில்லை,
எனக்கும்.

“வயரைப் பிடிச்சுத் தூக்காதீங்கக்கா.”
“பின்ன எதைப் புடிக்கறது? காட்டு.”
தராசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
பிடிக்க ஒன்றுமே இல்லை.
அவ்வளவு வழுவழுப்பாக வரைந்திருந்தோம்.

திங்களன்று:
சி வகை, ஆறு முனை, எந்தப் பக்கமும் மூஞ்சிதான்.
நான்கு கால்கள் பலகையைத் துளைத்து
அந்தப் பக்கம் ஈயத்தில் குந்தி உட்காரும்.
ஐந்து புள்ளி ஒன்று கிலோ ஓமில் மின்தடை இரண்டு,
மறந்தால் புது சார்ஜர் முகம்கொடுத்தே பேசாது.
பெட்டி ஓரத்தில் ஒரு ஓட்டை, கயிறு கட்ட.
வாயின் விலை பதினொன்று.

“பதினொண்ணா?” கால்குலேட்டரைத் தேடினார் சார்.
“கயிறு அவங்களே கட்டிப்பாங்க சார், அது இலவசம்.”
“இதை மொதல்ல சொல்லக்கூடாதா?”

அடுத்த நாற்பது போய் ஐந்து மாதம்.
ஒன்றும் திரும்பவில்லை.
தாங்குகிறதா, கோபத்தில் கடலில் எறிந்துவிட்டார்களா,
உறக்கம் பிடிக்காமல் ஒருநாள் போய்ப் பார்த்தேன்.

ஓட்டையில் கயிறு இருந்தது.
கயிற்றில் ஒரு எலுமிச்சம்பழம், நான்கு பச்சை மிளகாய்.
“கண்ணு பட்டுடும்ல” என்றாள் தேசம்மா.
ஏலம் நகர்ந்தது.
வயரைப் பிடித்துத் தராசைத் தூக்கினாள்.

நான்கு கால்களையும் நினைத்துக்கொண்டு
மூச்சைப் பிடித்து நின்றேன்.