ஏழாம் தீர்மானம்

கூட்டம் பத்து மணிக்கு என்று போட்டிருந்தது.
பதினொன்றே காலுக்குத்தான் வனத்துறை ஜீப்
பென்னாகரம் வளைவுகளில் இறங்கி
ஊட்டமலைச் சமுதாயக் கூடத்து வாசலில் நின்றது.
எழுதுகிறவள் நான்.
ஊராட்சி நோட்டில் இடது ஓரம் கோடு போட்டு
வருகை தந்தோர் என்று தலைப்பிட்டு
இருபத்தாறு பெயர் எழுதினேன்.
ஆற்றின் பெயரை எழுதவில்லை.
அதுவும் வந்திருந்தது.
பேச்சு நின்ற இடங்களிலெல்லாம்
ஜன்னல் வழியே அதன் சத்தம்.

ரேஞ்சர் வளர்மதி வரைபடம் விரித்தார்.
பச்சையில் காடு, நீலத்தில் தண்ணீர்,
சிவப்பு வட்டத்துக்குள் ஒரு மணல்திட்டு.
அங்கே நீர்நாய் குட்டி போட்டிருக்கிறதாம்.
பங்குனி முடியும்வரை பரிசல் போகக் கூடாது.

கெம்பையன் துடுப்போடு உள்ளே வந்திருந்தார்.
வெளியே வைத்தால் காணாமல் போகும் என்றார்,
யாரும் நம்பவில்லை.
"வெள்ளம் வந்தா மூடறீங்க.
வடிஞ்சா நாய்க்குன்னு மூடறீங்க.
வருஷத்துல எனக்குன்னு எத்தன மாசம்?"
நான் இப்படி எழுதினேன்:
வாழ்வாதாரம் குறித்துப் பரிசல் ஓட்டிகள்
கருத்துத் தெரிவித்தனர்.

மீன் வறுக்கும் பச்சியம்மாள் எழுந்தார்.
நீர்நாய் வலையைக் கிழிக்கிற கணக்கை
யார் எழுதுவது என்றார்.
எழுதினேன்.
எண்ணெய் தேய்க்கும் சிங்காரம்
ஷாம்பு நுரை பாறையிடுக்கில் தேங்கி
மூன்றாம் நாள் நாறுவதைச் சொன்னார்.
"எண்ணெய்க் குளியலுக்கு மேட்டுல ஒரு தொட்டி கட்டிக் குடுங்க.
அழுக்குத் தண்ணி ஆத்துக்குப் போகாம
எந்தப் பக்கமாவது போவட்டும்."
எந்த நிதியில் என்று தாசில்தார் கேட்டார்.
ஆறு கொஞ்ச நேரம் கேட்டது.

டீ வந்தது. அப்போதுதான்
கெம்பையன் மேசைக்குப் போய்
வரைபடத்தைக் குனிந்து பார்த்தார்.
"இந்தத் திட்டு இங்க இல்ல.
போன ஆடி வெள்ளத்துல ரெண்டு பர்லாங் கீழ போயிருச்சு.
நீங்க வட்டம் போட்டது மொட்டப் பாறை."
யாரும் டீயைக் குடிக்கவில்லை.
"குட்டி நாலு. ஒண்ணு நோஞ்சான்.
பதினஞ்சு நாளா நாங்க அந்தப் பக்கமே போறதில்ல."
ஏன் சொல்லவில்லை என்றார் ரேஞ்சர்.
"சொன்னா மூடிருவீங்க."

வளர்மதிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.
சிவப்புப் பேனாவை நீட்டினார்.
பள்ளிக்கூடம் பார்க்காத அந்தக் கை
சரியான இடத்தில் ஊன்றிச் சுழன்றது.
வட்டம் வட்டமாகவே வந்தது.
வட்டத்துக்குள் உட்கார்ந்து
முப்பது வருஷம் ஆற்றைக் கடந்தவர்.

தீர்மானம் ஏழு:
புதிய திட்டுக்கு நூறு கஜம் தள்ளிப் பரிசல் வழி.
ஓட்டிகளில் இரண்டு பேர் சம்பளத்துக்குக் காவல்.
கிழிந்த வலைக்கு வனத்துறை நூல் தரும்.
தொட்டிக்கு மதிப்பீடு.
அக்கரைக்கும் தகவல் சொல்ல
அண்டை மாநிலத்துக்குக் கடிதம்.
கடிதம் போய்ச் சேர்வதற்குள்
நடு ஆற்றில் மச்சானைப் பார்த்துக்
கன்னடத்தில் சொல்லிவிடுவதாகக் கெம்பையன் சொன்னார்.
அதை எழுத வேண்டாம் என்றார் தாசில்தார்.

கையெழுத்து பதினேழு, கைநாட்டு ஒன்பது.
அதில் ஒன்று மைப்பெட்டியைத் தொடவே இல்லை.
பரிசல் அடியில் பூசிய தார்
விரலில் இன்னும் காயாமல் இருந்தது.
அந்தப் பக்கம் இப்போதும்
எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்கிறது.
ஒவ்வொரு முறையும் பிரித்தெடுக்க வேண்டும்.

இது ஆனி.
மூன்று மாதமும் பரிசல்கள் சுற்றித்தான் போயின,
ஒரே ஒரு ஞாயிறு தவிர.
அந்த ஞாயிறுக்கு அபராதம் போட்டதும்
ஓட்டிகள் சங்கம்தான்.
வலைநூல் வந்தது, நிறம்தான் வேறு.
தொட்டி வரவில்லை.
மதிப்பீடு தருமபுரியில் இருக்கிறது என்கிறார்கள்,
சிங்காரம் திங்கள்தோறும் கேட்கிறார்.
நோஞ்சான் குட்டி பிழைத்ததா என்று
காவலுக்கு நின்ற இருவரும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

கபினி நிரம்பிவிட்டதாம்.
நேற்றே தண்ணீர் செம்மண் நிறம்.
திட்டு மறுபடி நகரும்.
எங்கே என்று தெரியாது.
ஏழாம் தீர்மானத்துக்குக் கீழே
அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன்.