சிவப்பு வெளுக்கும் இடம்

சிரம்பான் ஆய்வுக்கூடத்தில் என் மேசைக்கு
போத்தலில் வந்தது ஒரு முழங்கால்.
முழுதும் அல்ல, அறுத்தெடுத்த மேல்தட்டு மட்டும்.
காய்ந்த தேங்காய்ப் பத்தை மாதிரி,
ஓரத்தில் கொஞ்சம் மினுக்கம்.
ஒட்டியிருந்த பெயரை இரண்டு முறை வாசித்தேன்.
பெயரைச் சொல்லக்கூடாதென்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
சொல்லவில்லை.

பத்து நாள் அமிலத்தில் ஊறி
எலும்பு கத்திக்கு இணங்கியது.
முடியைவிட மெல்லிய சீவல். கண்ணாடித் தகடு. சஃப்ரானின் சாயம்.
நல்ல குருத்தெலும்பென்றால்
வெற்றிலை போட்ட வாயாகச் சிவக்கும்.
இதில் அடியில் ஒரு கோடு சிவப்பு.
மேலே வெறும் வெளிறல்.

நீண்ட ஓர் இழை. அதன்மேல் வரிசையாக
போத்தல் கழுவும் பிரஷ் போன்ற புரதங்கள்.
மயிர் ஒவ்வொன்றிலும் ஒரே மின்னூட்டம்,
பக்கத்து மயிரைக் கண்டால் ஆகாது,
தள்ளித் தள்ளி நிற்கும்.
அந்த ஆகாமைக்குள்தான்
தண்ணீர் வந்து உட்காருகிறது.
மிதித்தால் விலகும்,
காலைத் தூக்கினால் திரும்பி வரும்.
சுற்றிலும் கொலாஜன் வலை,
போதும் இதற்குமேல் வீங்காதே என்று.
ஆனால் பிரஷ் தனியாக இழையில் நிலைக்காது, நழுவிவிடும்.
சின்னப் புரதம் ஒன்று
இதை ஒரு கையிலும் அதை மறு கையிலும்
பிடித்துக்கொண்டிருக்கிறது.
என் நுண்ணோக்கியில் அது தெரியாது.
விட்டுப்போன பிறகு
வெளுப்பாகத்தான் தெரியும்.

பகாவ் பக்கத்துத் தோட்டத்தை நிறுவனம் விற்ற வருஷம்
மாரியம்மன் கோயில் கமிட்டி இரண்டானது.
மேல்லயம், கீழ்லயம்.
ஓர் அம்மன், இரண்டு ரசீதுப் புத்தகம்.
செம்பனைக்கு உரமூட்டை சுமந்த சகாயமேரி
(இந்தப் பெயருக்கும் போத்தலுக்கும் சம்பந்தமில்லை)
ஞாயிறு பூசை முடிந்த கையோடு
மேல்லயத்து அண்டாவைக் கீழே இறக்குவாள்,
கீழ்லயத்து அரிசியை மேலே ஏற்றுவாள்.
அந்த மேட்டில் எத்தனை நடை!
"உங்க சாமி, உங்க சண்டை, எனக்கென்ன" என்பாள்.
அந்த வருஷமும் கூழ் ஊற்றினார்கள்.
இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு
ஒரே வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள்.

நேற்று பாசார் மாலாமில்
ஆட்டுக்கால் சூப் கடையில்
எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
முழங்காலை விரலால் தட்டிக் காட்டினாள்.
"இரும்பு. மழைக்குத் துருப்பிடிக்காதாம்.
பழச என்னடி செஞ்சிருப்பாங்க, குப்பையிலயா?"
தெரியலக்கா என்றேன்.
என் கிண்ணத்து மூட்டெலும்பை எடுத்து
அவள் கிண்ணத்தில் போட்டேன்.

ஆறிய சூப்
ஓரத்தில் பசையாகத் திரண்டிருந்தது.
விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது,
இரண்டு டிஷ்யூ துடைத்தும் விடவில்லை.
அவள் இன்னும் ஒரு கிண்ணம் சொன்னாள்.