பிளவு விளக்கு

கொட்டாஞ்சேனையில் ஏறி
176இல் பொரளை வரை
யதுகரன் என் மடியில் வழிந்துகொண்டு வருகிறான்.
வழிகிறான் என்றுதான் சொல்லவேண்டும்.
பதினாலு மாதம், இன்னும் கழுத்து நிற்கவில்லை,
தூக்கினால் ஈரச் சாரம்போல
இரண்டு பக்கமும் தொங்குவான்.
பிள்ளைக்கு நித்திரையா என்று
கொண்டக்டர் சிங்களத்தில் கேட்டார்.
ஓம் என்றேன்.
விளக்கம் சொல்லப்போனால் மருதானை தாண்டிவிடும்.

கண்ணுக்கு ஒரு கோப்பு:
பிறவிப் புரை, இரண்டு வில்லையும் எடுத்தாயிற்று.
நரம்புக்கு ஒன்று:
முழங்காலில் சுத்தியலால் தட்டினார்கள்,
கால் பதில் சொல்லவில்லை.
சிறுநீரகத்துக்கு மூன்றாவது. அதில் நிறைய எண்கள்,
உடம்பு வைத்துக்கொள்ளவேண்டியதெல்லாம்
பம்பர்ஸில் போய்க்கொண்டிருப்பதாக.
மூன்று கட்டிடம், மூன்று வரிசை, மூன்று டோக்கன்.
மூன்றும் ஒரு மேசையில் சந்தித்தது
யாருடைய கெட்டித்தனமும் இல்லை.
அன்றைக்கு மழை.
எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் பையில்
திணித்துக்கொண்டு போயிருந்தேன்.

டொக்டர் செனாலி பையைக் கவிழ்த்தார்.
வாசித்தார். முதலாவதற்குத் திரும்பினார்.
பிறகு பிள்ளையைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்.
"அம்மாவுக்கு அண்ணன், தம்பி?"

ஒரு தம்பி இருந்தவன்.
கேதீஸ்.
ஐந்து வயது நிரம்பவில்லை.
முட்டியை மடித்துக் கண்ணுக்குள் அழுத்துவான்,
கறுப்புக்குள்ளே என்னத்தையோ தேடுகிறமாதிரி.
இரவில் மூன்று தரம் தண்ணீர் கேட்பான்,
கேட்பதென்றால், செம்பைத் தட்டுவான்.
பேச்சு வரவில்லை.
தொண்ணூறில் அம்மா அவனை வயிற்றில் வைத்துக்கொண்டு
பங்கருக்கு ஓடினவ.
ஷெல் சத்தத்தில் பயந்து
கருவிலேயே கண்ணை மூடிக்கொண்ட பிள்ளை
என்று சனம் சொன்னது.
அம்மா மறுக்கவில்லை.
அதற்குப் பிறகு அவ எதற்கும் ஓடினதில்லை,
பஸ்ஸுக்குக்கூட.

யதுகரனும் முட்டியை மடிக்கிறான்.
கண்டிருக்கிறேன். கண்டும்
கண்டதாக எனக்கே நான் சொல்லவில்லை.

என் கண்ணில் சொட்டு விட்டார்கள்.
நாடியை ஊன்றச் சொன்னார்கள்,
நெற்றியைப் பட்டியில் முட்டச் சொன்னார்கள்.
கத்தி விளிம்பு அளவில் ஒரு வெளிச்சம்
கண்மணிக்குள் மெதுவாக நடந்தது.
எனக்குப் பார்வையில் ஒரு குறையும் இல்லை,
ஊசிக்கு முதல் தரத்திலேயே நூல் கோர்ப்பேன்.
"இருக்கு," என்றார் டொக்டர்,
தெரிந்த தமிழில், மிகவும் மெல்ல.
"சின்னச் சின்னப் புள்ளி. பனி விழுந்த மாதிரி."
எங்கள் பரம்பரையில்
பனி விழுந்து பார்த்தவர் யாரும் இல்லை.
இடியப்ப மா சிந்தின மாதிரியா என்றேன்.
அவர் யோசித்துப்பார்த்து, ஓம், அப்படித்தான் என்றார்.

தாயிடம் மாவாகத் தூவிக் கிடப்பது
மகனிடம் சுவராக எழும்புமாம்.
பெண்பிள்ளைகள் காவிக்கொண்டு போவோமாம்,
பாரம் தெரியாமல்.
நோய்க்கு ஒரு வெள்ளைக்காரரின் பெயர்.
துண்டில் எழுதித் தந்தார்.
சோடாக் கரைசல் நாளைக்கு நாலு தரம்,
இரத்தம் வெளிநாட்டுக்குப் போய்த்தான் உறுதியாகும்.
மாறுமா என்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லாமல் விட்டார்.

வெளியே வந்தால் வெயில்.
மருந்தில் விரிந்த கண்ணுக்குக் கொழும்பு முழுக்க
வெள்ளை பூசிக் கிடந்தது.
வவுனியாவிலிருந்து அம்மா எடுத்தா.
"என்னவாம்?"
சொன்னேன். தெருச்சத்தத்தில் இரண்டு தரம் சொன்னேன்.
நீண்ட நேரம் ஒன்றும் இல்லை, கட்டாகிவிட்டதென்று நினைத்தேன்.
பிறகு,
"அப்ப, நான் ஓடினதாலே இல்லையே?"
இல்லை அம்மா.
"ஓடாமல் இருந்திருந்தாலும்?"
ஓடாமல் இருந்திருந்தாலும்.
மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது.
என் வாயில் இன்னொரு வசனம் நின்றது,
அப்படியென்றால் உங்களின் கண்ணிலும், என்று.
அதை இன்றைக்கு விழுங்கினேன்.

வெள்ளவத்தையில் தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகிறார்கள்.
அவளுடைய இலக்கத்தைத் தேடினேன்.
திரையில் பெயர்கள் எல்லாம் கரைந்து ஒன்றாய்க் கிடந்தன.

ஒரு பஸ் வந்து நின்றது.
தடித்த கண்ணாடிக்குப் பின்னால் யதுகரன்
சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.
நானும் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் திரும்பினேன்.
பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன்:
ஐயா, இது எத்தனையாம் நம்பர்?